கெட்டில் அடியில வெள்ளையா படியுதா? எலுமிச்சை உப்பு போதும்

நாங்க கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கோம், எங்க வீட்டு போர் தண்ணி சரியான உப்பு, புது கெட்டில் வாங்கி ஒரே மாசத்துல அடியில சுண்ணாம்பு பூசுன மாதிரி ஆயிடுச்சு, கம்பி நாரு போட்டு தேய்ச்சு கை வலிச்சதுதான் மிச்சம்.

மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, சிட்ரிக் ஆசிட்தான் அது. கெட்டில்ல அரை லிட்டர் தண்ணிய சூடு பண்ணி, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஒரு ஸ்பூன் போட்டா அடியிலேருந்து புசுபுசுன்னு முட்டை முட்டையா வரும் பாருங்க, அது கார்பன் டை ஆக்ஸைடு. படிஞ்சிருக்கிறது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா கரைஞ்சுடும். அரை மணி நேரம் கழிச்சு கொட்டிட்டு, ரெண்டு தடவ வெறும் தண்ணி கொதிக்க வச்சு ஊத்திடுங்க. அப்புறம் டீ போடலாம்.

நம்ம ஆயா குத்துவிளக்க புளி போட்டு தேய்ச்சதும் இதே கதைதான், புளியில டார்டாரிக் ஆசிட் இருக்கு.

ஆனா மார்பிள், மொசைக் பக்கம் மட்டும் எந்த ஆசிட்டையும் கொண்டு போயிடாதீங்க, அதுவும் கால்சியம் கார்பனேட்தானே, நான் பாத்ரூம் ஆசிட்ட ஹால்ல ஊத்திட்டு வீட்டுக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன், பளபளப்பு போனது போனதுதான்.

முக்கியமா, பாத்ரூம் ஆசிட்டோட பிளீச்சிங் பவுடர சேர்த்து போடவே போடாதீங்க. குளோரின் கேஸ் வரும், மூச்சே அடைச்சுடும்.