பாட்டு டீச்சர்கள் பாடங்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற யாருடைய போனைப் பார்த்தாலும் வாட்ஸ்அப்பில் பாட்டு குவிந்து கிடக்கும், ஆனால் நாளைக்குக் காலை வகுப்பில் எடுக்கலாம் என்று தேடினால் ஒன்றும் தேறாது. காரணம், வந்தது வெறும் ஆடியோ. எந்த வகுப்புக்கு, என்ன தாளம், இந்தப் பாட்டை வைத்து எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று ஒரு வரிகூட இருக்காது. முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

சுருதியைக் கட்டாயம் எழுதுங்கள். மிஷன் பள்ளியில் கீபோர்டு வைத்திருக்கும் சார் ‘ஜி’ என்பார், கர்நாடக சங்கீதம் படித்து வந்த டீச்சர் ‘ஐந்து கட்டை’ என்பார். இரண்டும் ஒன்றுதான், ஆனால் எல்லோருக்கும் அது தெரிந்திருக்காது, அதனால் இரண்டையும் போட்டுவிடுங்கள். அப்புறம், உங்கள் குரலுக்கு வசதி என்று ஐந்து கட்டையில் மந்தர ஸ்தாயி பஞ்சமம், அதாவது கீழ் ‘ப’ வரை இறங்கிப் பாடி அனுப்பினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே காற்றுதான் வரும். பாட்டு அவ்வளவு கீழே போகாமல் இருக்கட்டும், அல்லது சுருதியை ஏற்றிப் பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டுப் பாடத்தை ‘நம்மிடம் சைலபோன் (குச்சியால் தட்டி வாசிக்கும் கட்டை வாத்தியம்) எங்கே இருக்கிறது’ என்று ஒதுக்குவதும், அப்படியே தூக்கிப்போடுவதும் ஒரே மாதிரியான தவறு. ஆர்ஃப் முறை என்று பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்கும் ஒரு வெளிநாட்டு முறை உண்டு, அதில் சைலபோனில் எஃப், பி கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளை வாசிக்க விடுவார்கள். மிச்சம் இருக்கும் ஐந்து சுரம் நம் மோகன ராகம்! சைலபோன் இல்லாவிட்டால் போகட்டும், சுரத்தைக் குரலில் பாட வைத்து, தாளத்துக்குக் கோலாட்டக் குச்சியை எடுங்கள். இந்த மாற்றத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினால்தான் கீபோர்டுகூட இல்லாத அணைக்கட்டுப் பக்கத்துப் பள்ளிக்கும் அது பயன்படும்.

நாட்டுப்புறப் பாட்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்து நடவுப் பாட்டும் தெருக்கூத்து மெட்டும் பிள்ளைகளுக்கு நன்றாகவே பிடிக்கும். ஆனால் சில பழைய பாட்டுகளில் சாதிப் பெயர் வரும், ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ கிண்டல் செய்யும் வரி வரும். அந்த வரி யார் வீட்டுப் பிள்ளையைக் குத்தும் என்று யோசிக்காமல் ஃபார்வர்டு செய்யாதீர்கள். பாடிக் கொடுத்த பாட்டியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

பிள்ளைகள் பாடும் வீடியோவைப் பெற்றோரைக் கேட்காமல் அனுப்பவே கூடாது. விலைக்கு விற்கும் பாடப் புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடுவதும் வேண்டாம். அதை எழுதியவரும் நம்மைப் போல ஒரு டீச்சராக இருக்கலாம்.

கடைசியாக, ஒருவரின் பாடத்தை எடுத்து நடத்திவிட்டு ‘சூப்பர் டீச்சர்’ என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்த வரியில் பிள்ளைகள் தாளம் விட்டார்கள், எந்த இடத்தில் சலித்தார்கள் என்று அவருக்கு எழுதுங்கள்.