எச்சரிக்கையை அடக்கும் முன் காரணத்தை எழுதுங்கள்

காட்பாடியில் என்னிடம் சி மொழி பழக வரும் மாணவர்கள், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான வால்கிரைண்ட் கொட்டும் எச்சரிக்கைகளைக் கண்டு முதல் நாள் மிரள்கிறார்கள். மறுநாளே அவற்றை மொத்தமாக அடக்கும் வழியையும் கற்றுக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை அந்த மறுநாளைப் பற்றித்தான்.

முதலில் கம்பைலருக்கு '-ஜி' (-g) என்ற தெரிவைக் கொடுத்து நிரலைக் கட்டுங்கள். எச்சரிக்கையில் வரி எண் தெரியும். அந்த வரி உங்களுடையது என்றால் திருத்துங்கள், வேறு பேச்சே வேண்டாம். நீங்கள் தொட முடியாத, பிறர் எழுதிய நிரல் நூலகத்தினுடையது, தீங்கற்றது என்று உறுதியானால் மட்டும் அடக்கலாம்.

அதற்கு வால்கிரைண்டின் 'ஜென்-சப்ரெஷன்ஸ்' (--gen-suppressions) என்ற தெரிவுக்கு 'ஆல்' (all) என்று கொடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு தொகுதி அச்சாகும். அதை ஒரு கோப்பில் ஒட்டி, அடுத்த முறை 'சப்ரெஷன்ஸ்' (--suppressions) தெரிவில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். தொகுதியின் முதல் வரி பெயருக்கானது. பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே பிழைப்பதிவு எண்ணை எழுதுங்கள்; மேலே '#' இட்டுக் காரணத்தையும் தேதியையும் சேருங்கள். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று கீழே வரும் அழைப்பு வரிகளை அளவுக்கு மீறி வெட்டாதீர்கள். நினைவகம் ஒதுக்கும் 'மால்லாக்' (malloc) வரி மட்டும் மிஞ்சினால், அதன் வழியே வரும் நினைவகக் கசிவுகள் எல்லாமே மறைந்துவிடும்.

புரியாமல் எச்சரிக்கையின் வாயை அடைத்தால் என்ன ஆகும்? 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழு, வால்கிரைண்ட் குறை சொன்னது என்பதற்காக, மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சில வரிகளை நீக்கியது. சாவிகளை உருவாக்கப் பயன்படும் தற்செயல் எண்ணுக்கு ஊட்டம் தந்த வரியும் அதோடு போனது. ஊட்டமாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல்முறை எண் மட்டுமே. ஒவ்வொரு சாவி வகைக்கும் சுமார் 32,000 சாவிகள்தான் சாத்தியம் என்ற நிலை. 2008 மே மாதத்தில்தான் அது வெளியே தெரிந்தது.

ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் சோதனையையும் இதே கண்ணோடு பாருங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயிலுக்கு அஞ்சி இரவில் வேலை செய்வோம். அப்போது ஒரு சோதனை நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை மட்டும் தோற்றது. நிரல் தேதியை யுடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) எழுத, சோதனை இந்திய நேரத்தில் எதிர்பார்த்திருக்கிறது. "தோற்றால் மறுபடி ஓட்டு" என்று அமைத்திருந்தால் அந்தப் பிழை இன்றும் உள்ளேயே இருந்திருக்கும்.

எனவே தோற்ற நேரத்தையும் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணையும் குறித்துக்கொண்டு, அதே சோதனையை 100 முறை ஓட்டுங்கள். வால்கிரைண்டின் கீழ் நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும். காலக்கெடு போதாமலும் சோதனை தோற்கலாம். காரணம் சிக்கும்வரை அந்தச் சோதனையைத் தனிப் பட்டியலில் வையுங்கள், பக்கத்தில் பொறுப்பாளர் பெயரோடு.

மாதம் ஒருமுறை வால்கிரைண்டை '-வி' (-v) தெரிவோடு ஓட்டினால், பயன்பட்ட அடக்கங்களின் பெயர்கள் இறுதியில் வரும். அதில் வராதவற்றைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, சோதனைகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.