கல்யாண நேரத்தில் முகத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

முகூர்த்தத் தேதி குறித்த மறுநாளே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு, முகத்துக்கு ஏதாவது பண்ணும்மா." சித்தி ஒரு மாவு சொல்வார், அக்கா ஒரு சீரம் சொல்வாள், கூட வேலை பார்க்கும் பெண் தன் பார்லர் நம்பரை அனுப்புவாள். பாவம் அந்தப் பெண், எல்லாவற்றையும் செய்வாள். ஒன்றும் செய்யாமல் விட்ட முகம் கல்யாணத்தன்று பெரிதாகக் காலை வாரிவிடாது. கடைசி நேரத்தில் புதிதாக எதையோ பூசிய முகம்தான் வாரிவிடும்.

இருப்பதிலேயே மோசமான தவறு, மெடிக்கல் ஷாப்பில் போய் "கலர் ஆக ஒரு கிரீம் கொடுங்க" என்று கேட்பது. அவர்களும் கையை நீட்டி ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் பின்பக்கத்தைப் படித்தால் மொமெடசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெடசால் என்று ஏதோ ஒன்று இருக்கும். கூடவே நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோனும் மேல்தோலை உரியவைக்கும் ட்ரெட்டினாயினும் இருக்கலாம். முதலில் சொன்ன மூன்றும் ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து. கன்னத்தில் திட்டாகப் படரும் மங்குக்காக இந்தக் கலவையைத் தோல் டாக்டர் சில வாரங்களுக்கு எழுதித் தருவது உண்டு, ஆனால் எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். கடையில் வாங்குபவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

இந்த கிரீம் வேலை செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பத்து நாளில் பரு அடங்கும், சிவப்பு குறையும், முகம் ஒரு சுற்று வெளுக்கும். ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம் "கல்யாணக் களை வந்துடுச்சே" என்பார்கள். இரண்டு மாதம் கழித்துத் தோல் மெலிந்து, கன்னத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். வெயிலில் போனால் முகம் எரியும். பூனைமுடி அடர்ந்து வளரும். கிரீமை நிறுத்தினால் அடங்கியிருந்த பரு எல்லாம் மொத்தமாகக் கிளம்பும். அதற்குப் பயந்து மறுபடியும் பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டால் பாழான முகம் என்று ஒரு தனி நோயாகவே பேசும் அளவுக்கு இங்கே ஆட்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் எப்படி விற்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே இப்படி ஒன்றைப் பூசிக்கொண்டிருந்து, கல்யாணம் மூன்று வாரத்தில் என்றால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் சரியாக மணமேடையில் உட்காரும்போது முகம் வெடிக்கும். டியூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

லேபிளே சரியாக இல்லாத வெளிநாட்டு கிரீம்கள் இன்னொரு ரகம். இன்ஸ்டாகிராமில் விற்பார்கள், துபாயிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலில் நிறமி உண்டாவதை அது தடுக்கும், உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது செய்தியானது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் யாருக்கு முகத்து கிரீம் மீது சந்தேகம் வரும்? நிறம் வெளுக்கும் என்று போடும் குளுட்டாதியோன் ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து ரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பட்டு எடுக்கலாம்.

நேரக் கணக்கு தெரியாமல் சிக்கலில் மாட்டுபவர்களும் நிறைய. தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதனால் தோலைச் சீராக்கும் பெரும்பாலான சிகிச்சைகள் இரண்டு வாரத்தில் பலன் காட்டாது. பருவுக்கு எழுதித் தரும் அடபலீன் மாதிரியான மருந்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதிலும் முதல் சில வாரம் தோல் வறண்டு உரியும், சிலருக்குப் பரு கூடும். மூன்று மாதம் முன்னால் தொடங்கினால் அந்தக் கட்டம் கடந்துபோய்விடும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கினால் அந்தக் கட்டத்தோடுதான் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். லேசரில் முடி அகற்றுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு, ஆறு முறையாவது போக வேண்டியிருக்கும். அதற்கு அரை வருஷத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும். அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் என்றால் கடைசித் தடவைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு மாதம் விடுவது நல்லது.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கல்யாணத் தேதியை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிற்றில் வளரும் குழந்தைக்கு அது பெரிய ஊனங்களை உண்டாக்கும். மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கரு தரிக்கக் கூடாது. அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் வந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். டாக்டரும் சில சமயம் கல்யாணமாகாத பெண்தானே என்று அழுத்திச் சொல்லாமல் விடுகிறார். நீங்களே கேட்டுவிடுங்கள்.

சரி, பார்லருக்கு வருவோம். முதல் நாள் ஃபேஷியல் என்பது பேக்கேஜில் சேர்த்து விற்கப்படும் ஒரு கெட்ட பழக்கம். ஆவி பிடித்து, அழுத்தித் தேய்த்து, மூக்கோரம் கரும்புள்ளியைப் பிதுக்கி எடுத்த தோல் இரண்டு மூன்று நாள் சிவந்துதான் இருக்கும், சிலருக்குக் குட்டிக் குட்டியாகப் பொரியும். செய்வதானால் ஐந்திலிருந்து ஏழு நாள் முன்னால், அதுவும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஃபேஷியலாக இருக்கட்டும். த்ரெடிங், வாக்ஸிங் இரண்டு மூன்று நாள் முன்னால் போதும். ரெட்டினால், அடபலீன் பூசுபவர்கள் வாக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மெழுகோடு மேல்தோலும் சேர்ந்து வரும். மேலுதட்டில் அப்படி உரிந்த இடம் பழுப்புத் தழும்பாகப் பல வாரம் நிற்கும். மேக்கப் போடுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கருமையை மறைக்கலாம், பருவைக்கூட ஓரளவு மறைக்கலாம், உரிந்த தோலில் மட்டும் ஃபவுண்டேஷன் உட்காராது, திட்டுத்திட்டாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ப்ளீச் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து முகத்து முடியைத்தான் வெளுக்கின்றன. மாநிற முகத்தில் பொன்னிற முடி மண்டப விளக்கில் எப்படி மினுக்கும் என்று கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் தெரியும்.

சமையலறை வைத்தியத்தில் கெடுதலே இல்லை என்ற நம்பிக்கைதான் எனக்குப் புரியாதது. எலுமிச்சைச் சாற்றின் அமிலத் தன்மை பிஎச் அளவில் ஏறக்குறைய 2. தோலுடையது ஏறக்குறைய 5. எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சையை அரிந்து முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால், சாற்றில் இருக்கும் ஒரு பொருள் வெயிலோடு வினைபுரிந்து, வழிந்த தடத்திலேயே கருங்கோடு விழும். சமையல் சோடா, பற்பசை, உப்பு எல்லாமும் முகத்துக்கு ஆகாதவைதான். கடலை மாவும் தயிரும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, நன்மையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நலங்கு மாவு வேறு. அது சடங்கு, அதை விட முடியாது, விடவும் வேண்டாம். மாவு மில்லில் அரைத்ததை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். பயறும் பூலாங்கிழங்கும் கரகரவென்று இருந்தால், ஆளுக்கு ஒரு கை தேய்த்த பிறகு கன்னம் எரியும். அன்று காலையில்தான் த்ரெடிங் செய்திருந்தால் இன்னும் எரியும், எனவே நலங்குக்குப் பிறகு த்ரெடிங் வைத்துக்கொள்ளலாம். கடையில் பளீரென்று மஞ்சளாக விற்கும் தூளில் சாயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிழங்கு வாங்கி உரைப்பது பத்திரம். முகத்தில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு போகாவிட்டால் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பஞ்சில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுக் கழுவினால் போய்விடும்.

மருதாணிக்கும் ஒரு கணக்கு உண்டு. உண்மையான மருதாணி கழுவியவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில்தான் அது அடர்சிவப்பாக ஏறும். அதனால் இரண்டு நாள் முன்னால் வைக்க வேண்டும். "ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும்" என்று விற்கும் கோனில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கக்கூடும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் கிளம்பும், சில நாள் கழித்துத்தான் கிளம்பும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க தலைக்கு டை அடிப்பதும் சிக்கல்.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கல்யாண வேலையே வெயிலில்தான் நடக்கிறது. வைகாசியில் முகூர்த்தம் என்றால் சித்திரை முழுக்க பத்திரிகை வைக்க ஸ்கூட்டரில் அலைவது, தி.நகரிலும் காஞ்சிபுரத்திலும் சேலைக்காகக் கடை கடையாக ஏறுவது. மாலைக்குள் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். ஆயிரம் ரூபாய் சீரத்தை ராத்திரி பூசிவிட்டுப் பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் போவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. டப்பாவில் போட்டிருக்கும் வெயில் தடுப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பட்டாணி அளவு எடுத்துப் பூசினால் டப்பாவில் போட்ட எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

நம்மூர் கல்யாணத்துக்கே உரிய ஒரு கஷ்டம், ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் வரும் ராத்திரி. போட்டோ எடுத்து முடிக்கப் பதினொன்றாகிவிடும். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் மூன்று மணிக்கு மேக்கப் நாற்காலியில் உட்கார வேண்டும். "எப்படியும் திரும்பப் போடத்தானே போறாங்க" என்று மேக்கப்போடு அப்படியே சாய்ந்துவிடுகிறார்கள். காலையில் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு, அப்புறம் ஓமப்புகை, வியர்வை. மேக்கப்பைக் கரைத்தெடுக்கும் மைசெல்லர் வாட்டரைப் பஞ்சில் நனைத்துக் கண்மேல் பத்து விநாடி வைத்திருந்து துடையுங்கள், பிறகு ஃபேஸ்வாஷ், பிறகு மாய்ஸ்ச்சரைசர். பத்து நிமிட வேலைதான், ஆனால் அந்த நேரத்தில் தானாகச் செய்யத் தெம்பு இருக்காது. தங்கையையோ தோழியையோ முன்கூட்டியே இதற்கென்று நியமித்துவிடுங்கள்.

இரண்டு நாள் முன்னால் பெரிய பரு ஒன்று வந்தால் பிதுக்காதீர்கள். தோல் டாக்டர் அதற்குள் மிகச் சிறிய அளவில் ஒரு ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாளில் அமுங்கும். ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு தெரிந்தவர் கையால் ஒரே ஒரு தடவை.

மாப்பிள்ளைகள் இதுவரை சிரித்துக்கொண்டு படித்திருப்பார்கள். முதல் நாள் சலூனில் அண்ணன் "ஒரு ப்ளீச், ஒரு மசாஜ் போட்டு விடுறேன் தம்பி" என்றால் மறுத்துவிடுங்கள். அதிகாலையில் புது பிளேடால் முடியின் எதிர்ப்பக்கம் இழுத்துச் சவரம் செய்தால், மாலை போடும் நேரத்தில் கழுத்தெல்லாம் சிவப்புப் பொட்டாக இருக்கும். முந்தின நாள் மாலையே செய்துகொள்ளலாம். வீட்டில் எல்லோரையும் போல நீங்களும் டை அடிப்பதானால் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

வாடகைக்கு எடுக்கும் டெம்பிள் நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம் பலருக்கு அரிக்கும். நெற்றிச்சுட்டியை ட்ரையல் மேக்கப் நாளிலேயே இரண்டு மணி நேரம் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும். அரித்தால் இடத்தை மாற்றாமல் பொட்டையே மாற்றுங்கள். கல்யாணத்துக்கு மறுவாரம் கழுத்தில் அரிப்பு வந்தால், பெரும்பாலும் மஞ்சள் தோய்த்த புதுத் தாலிக்கயிறு வியர்வையில் ஈரமாகவே கிடப்பதுதான் காரணம். குளித்ததும் கயிற்றையும் சேர்த்துத் துடைத்துக் காயவிடுங்கள், பவுடர் போட்டு அடைக்க வேண்டாம். அதற்கும் கேட்காவிட்டால் மாமியாரிடம் சொல்லிக் கயிற்றை மாற்றிக்கொள்ளலாம். தாலி பிரித்துக் கோர்க்கும்போது எப்படியும் மாற்றத்தானே போகிறார்கள்.