மல்யுத்தத்துக்குப் பிள்ளையை அனுப்பும் அப்பா அம்மாக்களுக்கு: நான் செய்ததைச் செய்யாதீர்கள்

போன சித்திரையில் ஒரு மாலை, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தேன். மணி ஐந்தாகியும் வெயில் இறங்கவில்லை. அந்தச் சூட்டில் ஒரு பையன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடினான். பதினைந்து வயது இருக்கும். படிக்கட்டில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் தண்ணீர் பாட்டில், மூடி இறுக்கி மூடியபடி.

"தம்பி மல்யுத்தமா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. நாளன்னிக்கு மேட்ச். இன்னும் ஒன்றரைக் கிலோ இறங்கணும்."

"ஒரு வாய் தண்ணி குடும்மா."

"வெயிட் பார்த்த பெறகுதான்க்கா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது, நகம் வெட்டாமல் அனுப்புவது, பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அவை ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

தண்ணீரை நிறுத்தி வெயிட்டை இறக்குவது

என் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. எடை 52 கிலோ 600 கிராம். 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 48, 51, 55 என்று எடைப்பிரிவுகள் வரும். நியாயமாக அவன் 55-இல் நின்றிருக்க வேண்டும். ஆனால் கூட வரும் பெற்றோர்களில் அனுபவசாலி ஒருவர், "48-ல ஆளே இல்லம்மா, மெடல் கையில" என்றார். கூட்டத்தில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

நாலரைக் கிலோவை ஐந்து நாளில் இறக்கினோம். முதல் நாள் சோற்றை நிறுத்தினோம். மூன்றாம் நாள் உப்பை. கடைசி ஒன்றரை நாள் தண்ணீரை. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும்போது அவன் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். போட்டிக்கு முந்தின நாள் காலையில் நாக்கு ஒட்டுகிறது, வாயை மட்டும் கொப்பளித்துக்கொள்கிறேன் என்றான். நான் குளியலறை வாசலில் நின்று, "துப்புய்யா, முழுங்கிராத" என்று சொல்லிக்கொண்டே அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தண்ணீரை விழுங்குகிறானா என்று காவல் காத்த அம்மா நான். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.

அன்று ராத்திரி மாட்டுத்தாவணியில் சேலம் பஸ் ஏறினோம். காலையில் தராசில் 47 கிலோ 900. நாங்கள் கையைத் தட்டிக்கொண்டோம். வெளியே வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான், மூன்று பூரி சாப்பிட்டான், பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான்.

முதல் ஆட்டம். அந்த வயதில் இரண்டு இரண்டு நிமிடமாக இரண்டு பகுதி, நடுவில் முப்பது விநாடி ஓய்வு. முதல் பகுதியில் 4-0 என்று முன்னால் இருந்தான். இரண்டாவது பகுதியில் எதிராளி காலைப் பிடித்தபோது என் மகன் காலை இழுக்கவே இல்லை. பிடித்த இடத்தில் கொடுத்துவிட்டு நின்றான். கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. 4-14, பத்துப் புள்ளி வித்தியாசம் வந்ததும் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அப்புறம் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனது. டிரிப்ஸ் போட்ட டாக்டர் திட்டவில்லை. "கடைசியாத் தண்ணி எப்பக் குடிச்சான்?" என்று மட்டும் கேட்டார். நான் விரலை மடக்கி மணிக்கணக்கு எண்ணினேன். அவர் எழுதிக்கொண்டார்.

உள்ளே என்ன நடந்தது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஐந்து நாளில் நாலரைக் கிலோ கொழுப்பைக் கரைக்க யாராலும் முடியாது. போனதில் பெரும்பகுதி தண்ணீர். தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து போகும். தராசுக்கு அது சந்தோஷம். ஆனால் ஆட்டத்தில் எரிய வேண்டிய விறகே அதுதான். ரத்தத்தில் நீர் குறைந்தால் இதயம் வேகமாக அடிக்கும், வியர்வை குறையும், உடம்புச் சூடு ஏறும். எடை பார்த்த பிறகு ஒரு பாட்டில் குடித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். வயிறு நிறைந்தது, தசைக்கு அது போய்ச் சேர நேரம் வேண்டும்.

அந்த நேரம் இப்போது கிடைப்பதில்லை. முன்பு சர்வதேசப் போட்டிகளில் முந்தின நாளே எடை பார்ப்பார்கள். 2018 முதல் போட்டி நாள் காலையில்தான். பைனல் மறுநாள் என்றால் மறுநாள் காலையும் பார்ப்பார்கள். வினேஷ் போகத்துக்கு நடந்தது நாடே பார்த்தது. 2024 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மூன்று ஆட்டம் ஜெயித்து பாரிஸ் ஒலிம்பிக் பைனலுக்குப் போனவர், 7-ஆம் தேதி காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததால் தகுதி இழந்தார். ராத்திரி முழுக்க ஓடி, முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடியே இறக்கியிருக்கணும்" என்று பேசுகிறவர்களைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

அதே பாரிஸில் அமன் செராவத் ஒரே ராத்திரியில் நாலரைக் கிலோவுக்கு மேல் இறக்கி வெண்கலம் வாங்கினாரே என்பார்கள். அவருக்கு வயது 21. பக்கத்தில் விடிய விடிய ஒரு பயிற்சிக்குழு. உங்கள் பிள்ளை பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பாட்டிலோடு நீங்கள்தான். பெரியவர்களே பிழைக்காத கதையும் உண்டு. 1997 கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான இடைவெளிக்குள் வெயிட்டை இறக்கும்போதே செத்துப்போனார்கள். ரப்பர் உடுப்பு, சூடான அறை, விடாத பயிற்சி. அதன் பிறகு அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடுப்பையே தடை செய்தார்கள். ரேஸ்கோர்ஸில் நான் பார்த்த மழைக்கோட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதுவும் மதுரைச் சித்திரையில்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள், "ரெண்டு நாள் விரதம் இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார்கள். விரதம் இருக்கிறவர் மறுநாள் மல்லுக்கு நிற்பதில்லை.

சரி, எந்தப் பிரிவு என்று எப்படி முடிவெடுப்பது? இரண்டு வாரம் தினமும் காலையில் கழிவறை போய்வந்ததும் எடை பார்த்து எழுதுங்கள். தராசைச் சமமான தரையில் வையுங்கள். எங்கள் வீட்டு மொசைக் தரையில் இரண்டு அடி நகர்த்தினால் 400 கிராம் மாறும். அந்த எண்களின் சராசரி கீழ்ப்பிரிவைவிட ஒரு கிலோவுக்கு மேல் அதிகமாக இருந்தால் மேல்பிரிவில் போடுங்கள். இது என் கணக்கு. அந்த ஒரு கிலோவையும் பல வாரம் எடுத்துக்கொண்டு, எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் குறைத்துத்தான் இறக்க வேண்டும். வளர்கிற வயது. போன வருடத்துப் பிரிவிலேயே பிள்ளையை அடைத்து வைக்க முடியாது. பெண் பிள்ளையாக இருந்தால், பட்டினியில் மாதவிடாய் நின்றுபோனால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். எலும்பு வரைக்கும் பாதிக்கும்.

அடுத்த போட்டியில் என் மகன் 55-இல் 53 கிலோவாகப் போனான். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றான். ஆனால் நான்கு நிமிடமும் காலைக் கொடுக்காமல் நின்றான்.

நீர் மாத்திரை

சிறுநீரை அதிகம் போகவைத்து எடையை இறக்கும் மாத்திரை. மருந்துக்கடையில் கேட்டால் கிடைத்துவிடும். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. தொடாதீர்கள்.

படர்தாமரையை மூடி மறைப்பது

மல்யுத்த விரிப்பில் (மேட்) உருளும் பிள்ளைக்கு இது வரத்தான் செய்யும். வெட்கப்பட்டுக்கொண்டு கடையில் ஏதாவது ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். அரிப்பு இரண்டு நாளில் நின்றது, பத்தாம் நாள் முதுகு முழுக்கப் படர்ந்தது. அப்படிக் கொடுக்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், பூஞ்சைக்கு அது விருந்து. தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் சொல்லும் வரை பயிற்சிக்கு அனுப்பாதீர்கள், மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டும். எடை பார்க்கும் இடத்தில் தோலையும் பார்ப்பார்கள்; அங்கே திருப்பி அனுப்பினால் சேலம் வரை போன பஸ் காசும் போச்சு. பயிற்சி உடுப்பைப் பையிலேயே ஊறப் போடாமல் அன்றன்றைக்குத் துவைத்து வெயிலில் போடுங்கள்.

வீங்கின காதைப் பார்த்துப் பெருமைப்படுவது

பயில்வான் காது என்று செல்பி எடுக்க வேண்டாம். ரத்தம் கட்டி நிற்கிறது. ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டினால் வடித்துவிடுவார், விட்டால் காது அப்படியே இறுகிவிடும்.

வயதைக் குறைத்துப் பதிவது

வேண்டாம்.

மேட் ஓரத்தில் கத்துவது

கோச் "கையைப் பிடி" என்பார், அப்பா "காலைப் பிடி" என்பார். பிள்ளை அந்த நேரத்தில் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு விநாடி எதிராளிக்குப் போதும். என் வீட்டுக்காரரை இரண்டு வருடம் டீக்கடைக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

தோற்றுத் திரும்பும்போது பாடம் நடத்துவது

ஊர் வரும் வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் பசிக்கிறதா என்று கேளுங்கள், அவ்வளவுதான். அந்த 55 கிலோ போட்டி முடிந்து வந்த ராத்திரி, இவன் மூன்று பரோட்டா வரைக்கும் வாயே திறக்கவில்லை. நான்காவதைப் பிய்த்துச் சால்னாவில் போட்டுக்கொண்டே, "அவன் என் இடது காலத்தான்மா குறி வச்சான்" என்று ஆரம்பித்தான்.