வேதியியல் மாநாடு நடத்தப் போகிறீர்களா? போஸ்டர் பலகையிலிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை ஒரு தேசிய வேதியியல் மாநாட்டுக்குச் செயலாளராக இருந்தபோது மூன்று நாளில் 42 உரைகளை அடுக்கினேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. எல்லோரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்துச் சிலரிடம், "புதிதாக யாரோடு பழக்கமானீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கூட வந்தவர்களோடே உட்கார்ந்து, கூட வந்தவர்களோடே சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். உரையில் சொல்வதைக் கட்டுரையாகவே படித்துவிடலாம். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆய்வகங்களை முடிச்சுப்போட்டு விடுவதற்குத்தான் மாநாடு. இரண்டாம் தடவை நான் மாற்றியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நேர அட்டவணை. உரைகளைப் பாதியாக வெட்டுங்கள். வெட்டுப்பட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். மிச்சமாகும் நேரத்தைப் போஸ்டருக்குக் கொடுங்கள்: ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்குவது. எல்லோரும் களைத்துப்போன மாலை ஆறு மணி வேண்டாம். காலை பதினொன்றுக்கு, முழுதாக இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் வேறெந்த அமர்வும் இருக்கக்கூடாது. பலகைகளை முன்பே போய் அளந்து பாருங்கள். ஏ0 தாள் 84.1 செ.மீ. அகலம், 118.9 செ.மீ. உயரம். எங்களுக்கு வந்து சேர்ந்த பலகைகள் அகலவாக்கில் இருந்தன. நெடுக்காக அச்சடித்து வந்தவர்களின் முடிவுகளெல்லாம் தரையில் மடங்கிக் கிடந்தன!

பலகைகளை நிறுவனவாரியாக வரிசைப்படுத்தாதீர்கள். ஒரே சிக்கலில் மாட்டியிருப்பவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒட்டவைக்கும் சுசுகி இணைப்பு வினைக்கு வழக்கமாகப் பலேடியம் என்ற உலோகம் வினையூக்கியாக வேண்டும். அதைச் சேர்க்காமலே வினை நடக்கிறது என்று ஒரு மாணவி போஸ்டர் போட்டிருந்தார். பக்கத்துப் பலகையில் நின்றவர் வேறு ஆய்வகம். அதே வினை, அவருக்குத் துளியும் விளைபொருள் வரவில்லை. இருவரும் முறைத்துக்கொண்டு நிற்கையில் வயதான பேராசிரியர் ஒருவர் வந்து, "கார்பனேட் எந்தப் பாட்டில்?" என்று, வினையில் காரமாகச் சேர்க்கும் உப்பைப் பற்றி மட்டும் கேட்டார். அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2003-இல் இதே போன்ற ஒரு முடிவு வெளியாகி, சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்கு ஒட்டியிருந்த பலேடியம்தான் வேலையைச் செய்தது என்று 2005-இல் அதே குழுவே திருத்தி எழுதியது. போஸ்டர் போட்ட அந்த இருவரும் ஊர் திரும்பியதும் பாட்டில்களை மாற்றிக்கொண்டார்கள். பாட்டில் போன இடத்துக்கே வினையும் போனது. உலோகத்தின் அளவைப் பார்த்துக் கொடுத்தது மூன்றாவது ஓர் ஆய்வகம். 42 உரைகளால் முடியாத காரியம்.

உரைக்குப் பிறகு முதல் கேள்வியை மாணவர்தான் கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் நாள் சங்கடமான மௌனம் நிலவும். தலைவர் வாயைத் திறக்காமல் முப்பது வினாடி பொறுத்தால் போதும், ஒரு கை எழும்.

அப்புறம், தேநீர் கொடுக்கும் இடத்தில் ஒரு பெரிய பலகை. இடப்பக்கம் 'என்னிடம் இருக்கிறது', வலப்பக்கம் 'எனக்கு வேண்டும்'. "600 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர்., சனிக்கிழமைகளில் காலி" என்று ஓர் அட்டை (மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கருவி அது), எதிரே "நான்கு சேர்மங்களுக்குக் கார்பன் நிறமாலை வேண்டும், எங்கள் கல்லூரியில் கருவி இல்லை" என்று இன்னொன்று. சிறிய கல்லூரிக்காரர்கள் கூச்சப்படுவார்கள். முதல் நான்கைந்து அட்டைகளை நீங்களே ஆள் பிடித்து எழுத வையுங்கள்.

கையில் கொடுத்தனுப்ப ஏதாவது இருக்கட்டும். பையையும் பேனாவையும் சொல்லவில்லை. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடி, அணு எது, மூலக்கூறு எது என்று மூன்று நாள் வாதாடியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அணு எடைகளைப் பற்றி எழுதிய சிறு நூலை அவருடைய நண்பர் பவேசி விநியோகித்தார். ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயர் அதைத் திரும்பும் வழியில் படித்துத்தான் அணு எடைகளில் தெளிவு பெற்றார். பின்னாளில் தனிம வரிசை அட்டவணையைத் தந்த ரஷ்யர் மெண்டலீவும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். ஆகவே விவாதம் தோற்றால் கவலைப்படாதீர்கள். பேசிய சிக்கலைப் பற்றி எட்டுப் பக்கம் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

கடைசி நாளின் கடைசி மணி நேரத்தில் பாதி அரங்கு காலியாகிவிடும் என்பதால் பொதுக்கூட்டத்தை இரண்டாம் நாளே வைத்துவிடுங்கள். அதில் வாழ்த்துரை வேண்டாம், தீர்மானம் வேண்டும். 1868 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த ரஷ்ய இயற்கை அறிவியலாளர் மாநாட்டில் வேதியியல்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த ஆண்டே சங்கம் பிறந்தது. அடுத்த மார்ச்சில் மெண்டலீவின் தனிம வரிசைக் கட்டுரை வாசிக்கப்பட்டது அந்தச் சங்கத்தில்தான். அவர் வர முடியாததால் சக வேதியியலாளர் மென்ஷுட்கின் வாசித்தார். உங்கள் தீர்மானம் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த மாநாடு எங்கே, பொறுப்பு யாருக்கு, கருவிப் பட்டியலை யார் வைத்துக்கொள்வது: இந்த மூன்றுக்கும் பெயர் எழுதி வாங்குங்கள்.

தேநீர்ப் பலகையைக் கழற்றும் முன் ஒவ்வொரு அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறுநாள் காலை எடுக்கலாம் என்று விட்டேன். அதற்குள் அரங்கைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள்.