உங்கள் ஊர்ச் செடியைக் கோவை ஹெர்பேரியத்துக்குக் கொண்டுபோவது எப்படி

ஊரில் ஒரே செடிக்கு நாலு பெயர் இருக்கும், ஒரே பெயரில் நாலு செடியும் இருக்கும். பாலை என்று சொல்லிப் பாருங்கள். ஒருவருக்குப் பழம் தரும் பாலை நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு ஏழிலைப்பாலை, வேறொருவருக்கு வெப்பாலை, குடசப்பாலை. இதில் கடைசி இரண்டும் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டுக்கும் இலை எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வரும், பூ வெள்ளை, காய் இரட்டை இரட்டையாகத் தொங்கும். ஆனால் வயிற்றுக்கடுப்புக்குப் பேர்போனது குடசப்பாலைப் பட்டைதான், அதில் வெப்பாலைப் பட்டை கலந்து வருவது மருந்துச் சரக்கில் வெகுகாலமாக உள்ள பிரச்சினை. அதனால்தான் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

போன் செயலி ஒரு படத்தைப் பார்த்து ஏதோ ஒரு பெயர் சொல்லும், தொடங்குவதற்கு அது போதும். ஆனால் உறுதியாகத் தெரிய வேண்டும், நாளைக்கு இன்னொருவர் வந்து சரிபார்க்கவும் முடிய வேண்டும் என்றால் செடியின் மாதிரியே கையில் இருக்க வேண்டும். அதை வைத்து ஒப்பிட நமக்கு ஓர் இடம் இருக்கிறது: கோவை லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம். அந்த நிறுவனம் 1890-ல் தொடங்கியது, கோவை மையம் 1955-ல் வந்தது. உலர்த்தித் தாளில் ஒட்டிய செடி மாதிரிகளின் தொகுப்பைத்தான் ஹெர்பேரியம் என்பார்கள், அங்கே உள்ளதற்கு மதராஸ் ஹெர்பேரியம் என்று பெயர், உலகத் தாவரவியலாளர்கள் எம்.ஹெச். என்ற இரண்டெழுத்தில் அதைக் குறிப்பிடுவார்கள். முதலில் சென்னையில் இருந்ததால் அந்தப் பெயர், இந்த மையம் வருவதற்கு முன்பே கோவைக்கு வந்துவிட்டது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அரசுப் பணத்தில் நமக்காகப் பாதுகாக்கிற சொத்து அது, ஆனால் கோவைக்காரர்களிலேயே பலருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எங்கே பறிக்கலாம் என்பது. உங்கள் தோட்டம், சொல்லிவிட்டுப் பறிக்கிற பக்கத்துக்காரர் வேலியோரம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடக் கிள்ளக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பட்டியலில் சில செடிகளும் இருக்கின்றன, நீலக்குறிஞ்சி இப்போது அதில் உண்டு. அப்புறம் இது என் சொந்த விதி: ஓர் இடத்தில் பத்துச் செடிக்குக் குறைவாக இருந்தால் படம் மட்டும் எடுப்பேன், கத்தியை வெளியே எடுக்க மாட்டேன்.

கிளை நல்லதாக அமையாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். மரமாக இருந்தால் பூவோ காயோ உள்ள, ஒன்றேகால் அடிக்கு மிகாத கிளை வேண்டும். வெறும் இலைக்கிளையை வைத்து நிபுணர்கூடப் பல சமயம் பெயர் சொல்ல மாட்டார். சிறு செடி என்றால் வேரோடு எடுங்கள், மண்ணை மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஒரே மரத்திலிருந்து, சிறு செடியானால் ஒரே இடத்திலிருந்து, மூன்று மாதிரி எடுத்து மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஹெர்பேரியத்துக்கு, ஒன்று கெட்டுப்போனால் உதவ. உதிர்ந்த பூவையும் விதையையும் சின்னக் காகிதப் பொட்டலத்தில் மடித்து அதே எண்ணைப் போட்டு வையுங்கள்.

உண்மையில் செடியைவிடக் குறிப்பு முக்கியம், அதை மரத்தடியில் நின்றே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும். காய்ந்த பிறகு தெரியாமல் போகிற எல்லாமே அதில் வர வேண்டும்: பூவின் நிறம், வாசனை, பாலின் நிறம், மரத்தின் உயரம், பட்டை எப்படி இருந்தது, பக்கத்தில் என்னென்ன வளர்ந்தது, மண் செம்மண்ணா கரிசலா, ஏரிக்கரையா பாறைச்சரிவா. தேதி, ஊர், வட்டம், மாவட்டம், போன் காட்டுகிற அட்சரேகை தீர்க்கரேகை. 'ஈரோடு மாவட்டம்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை, 'ஏரியின் மேற்குக் கரை, மதகிலிருந்து வடக்கே ஐம்பதடி' என்று எழுதினால் முப்பது வருஷம் கழித்தும் ஒருவர் அங்கே போய் நிற்க முடியும். செடிக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரை அவர்கள் உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பென்சிலில்தான் எழுத வேண்டும். நான் முதல் வருஷம் பேனாவில் எழுதி, பனியில் நோட்டு நனைந்து, எட்டுச் செடிகளுக்கு இடப்பெயரே அழிந்துபோனது. செடிகள் நன்றாகவே காய்ந்திருந்தன, எங்கிருந்து வந்தவை என்று தெரியாததால் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

அழுத்துவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. இரண்டு பிளைவுட் பலகை, பழைய செய்தித்தாள், இறுக்கிக் கட்ட நாடா அல்லது கயிறு. கிளையைத் தாளில் பரப்பும்போதே உருவம் அமைய வேண்டும், காய்ந்த பிறகு வளைத்தால் ஒடிந்துவிடும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரித்து வைத்து, ஓரிரண்டு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரிகிறமாதிரி வையுங்கள், சுணையும் நரம்பும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். ஒரு பூவையாவது விரித்து வையுங்கள். முதல் நாலைந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில்கூடப் பிடித்துவிடும். கள்ளி, பிரண்டை போன்ற சதைப்பற்றுச் செடிகள் தாளுக்குள்ளேயே துளிர்விடப் பார்க்கும், அவற்றைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தோ, நீளவாக்கில் பிளந்தோ வையுங்கள். காய்ந்ததைத் தொட்டால் சில்லென்று இருக்கக் கூடாது, இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பிறகு தடித்த வெள்ளை அட்டை, ஏறக்குறைய 42-க்கு 28 சென்டிமீட்டர். செடியை நூலால் தைத்தோ காகிதப் பட்டையால் ஒட்டியோ நிறுத்துங்கள், செலோடேப் மட்டும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகி உரிந்துவிடும். கீழே வலது மூலையில் குறிப்புச்சீட்டு.

கோவைக்குக் கிளம்பும் முன் நீங்களே ஒருமுறை பெயர் கண்டுபிடித்துப் பாருங்கள். ஆங்கிலேயத் தாவரவியலாளர் கேம்பிள் எழுதிய மதராஸ் ராஜதானித் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது, அவர் 1925-ல் இறந்த பிறகு ஃபிஷர் முடித்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இன்றைக்கும் நம் பக்கத்துச் செடிகளுக்கு அதை விட்டால் வழியில்லை. அதில் இரண்டிரண்டு கேள்வியாக, ஒவ்வொரு தடவையும் செடிக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்துகொண்டே போக வேண்டும். வெப்பாலையையும் குடசப்பாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பூவைக் கையில் வைத்து லென்ஸில் பாருங்கள்: நடுவில் நூல்நூலாக வெள்ளைக் குஞ்சம் நிற்கிறதா, மகரந்தப்பைகள் கூம்பாகக் குவிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? அப்படியானால் வெப்பாலை, அறிவியல் பெயர் ரைட்டியா டிங்டோரியா. பூவின் வாய் வெறுமையாக, மகரந்தப்பை குழலுக்குள்ளேயே அடங்கியிருந்தால் குடசப்பாலை, ஹோலரீனா பியூபெசென்ஸ். வெப்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக மாறும், சாயம் தருகிற மரம் என்பதால்தான் டிங்டோரியா என்று பெயர். (சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவதும் இதே மரத்தில்தான்.)

பழைய நூலின் பெயர்களை அப்படியே எழுதிவிடாதீர்கள். கேம்பிளில் ஆவாரை காசியா, இப்போது சென்னா. வெள்வேலம் அங்கே அக்கேசியா, இப்போது வாசெல்லியா, ஏனென்றால் அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்கே என்று 2005-ல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, 2011-ல் மெல்போர்னில் உறுதியானது. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையதளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயர் வந்துவிடும்.

ஹெர்பேரியத்துக்கு நேராகப் போய் நிற்காமல் முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்: யார், என்ன செடி, எதற்காக, எந்தத் தேதி. பெயரை உறுதிசெய்து சான்று தரக் கட்டணம் எவ்வளவு என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பெயரோடு செடியின் தாவரக் குடும்பத்தையும் தெரிந்துகொண்டு போங்கள், இந்திய ஹெர்பேரியங்களில் தாள்கள் பெரும்பாலும் பெந்தம், ஹூக்கர் என்ற இருவர் வகுத்த குடும்ப வரிசைப்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் மாதிரியில் பூச்சி இருந்தால் உள்ளே உள்ளதற்கெல்லாம் ஆபத்து, அதனால் அவர்கள் சொல்லாமல் பையைத் திறக்காதீர்கள். தாள்களைப் புத்தகம்போலப் புரட்டாதீர்கள், ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் படுக்கைவாக்கில் எடுத்து வையுங்கள். பழைய தாள்களில் விஷம் பூசியிருப்பார்கள், பார்த்து முடித்துக் கையைக் கழுவாமல் டீக்கடைக்குப் போக வேண்டாம்.

உங்கள் செடியை ஒப்பிட்டு முடித்ததும் அவசரப்பட்டுக் கிளம்பாமல், அதே இனத்தின் மற்றத் தாள்களின் சீட்டுகளையும் படித்துப் பாருங்கள். உங்கள் வட்டத்தின் பெயர் ஏதாவது ஒன்றில் இருக்கும். அந்தச் செடி அங்கே இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து எழுதினால், அது ஓர் ஆய்வாளருக்கே உதவுகிற செய்தி. நேரில் போக முடியாதவர்கள் அந்த நிறுவனத்தின் இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தில் கொஞ்சம் தாள்களைத் திரையிலேயே பார்க்கலாம்.

ஹெர்பேரியத்தில் உங்கள் மாதிரியை ஏற்றுக்கொண்டால் அதற்கு ஓர் எண் விழும், அதை நோட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிளை எடுத்த மரத்தில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டு வந்திருந்தால் நல்லது. வெப்பாலை சித்திரையில் பூத்தால் முற்றிய காய்க்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போது எடுக்கிற காய்க்கிளைக்குப் புது எண் கொடுத்து, குறிப்பில் '14-ஆம் எண் எடுத்த அதே மரம்' என்று எழுதிவிடுங்கள்.