குறைந்த பட்ஜெட்டில் தினமும் எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

"கையில் 500 டாலர் இருக்கிறது. தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள எந்த பிஸ்டல் நல்லது?" அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. இருக்கிற ஐநூறையும் துப்பாக்கிக்கே கொடுத்துவிட்டால் துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டருக்கும் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் பூட்டுக்கும் எங்கே போவது? துப்பாக்கிக்குப் பாதி, மற்றதுக்கெல்லாம் பாதி என்று மனதில் பிரித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த பிராண்ட் என்பதைவிட இந்தப் பிரிப்புதான் முக்கியம் என்பது என் கருத்து.

விலைக்கு வருமுன் சட்டம். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாங்குவதை மட்டும் அல்ல, கையில் வைத்திருப்பதையே. மாநிலம் கொடுக்கும் வேட்டை உரிமம் இருந்தால் என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வழக்கறிஞரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்று, விசாவில் இருக்கும் நண்பருக்காக கிரீன் கார்டு நண்பர் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்ற கேள்வி இருக்கிறது. அங்கே பொய் சொல்வது சிறைக்குப் போகிற குற்றம். நட்புக்காகச் செய்தேன் என்பது கோர்ட்டில் எடுபடாது.

சரி, இப்போது துப்பாக்கி. புதிதாக வாங்குபவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததும் கேட்பது மிகச் சின்னதைத்தான். பாக்கெட்டில் அடங்கும், எடை தெரியாது, விலையும் குறைவு. ரூகர் எல்சிபி மாதிரியான, .380 அளவுத் தோட்டா சுடும் பிஸ்டல் வெறுமையாக சுமார் 270 கிராம்தான். கிளாக் 19 சுமார் 670 கிராம். வைத்துக்கொள்ள எல்சிபி சுகம், சுட கிளாக் சுகம். எடை குறையக் குறைய தோட்டாவின் உதை முழுவதும் உங்கள் உள்ளங்கைக்கே வரும்.

நம்மில் பலருக்கு ஊரில் துப்பாக்கி அனுபவம் என்றால், என்சிசி முகாமில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் சில தோட்டாக்கள் சுட்டதோடு சரி. அப்படி ஒருவர் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், முதன்முதலாகச் சின்ன பிஸ்டலைப் பிடிப்பதைப் பாருங்கள். சுண்டுவிரல் வைக்க இடமில்லாமல், தோட்டா அடைக்கும் மேகசினுக்குக் கீழே தொங்கும். முதல் தோட்டா எப்படியோ காகிதத்தில் விழும். இரண்டாவதுக்கு முன்பே கண் சுருங்கும், மணிக்கட்டு கீழே அமுங்கும், தோட்டா இலக்குக்குக் கீழே போகும். மேகசின் முடிவதற்குள் கை வலித்துவிடும். அப்புறம் அவர் ரேஞ்சுக்கு வர மாட்டார். ஆனால் துப்பாக்கியை மட்டும் தினமும் சுமப்பார். கவலைக்குரிய நிலை அதுதான்.

சின்ன ரிவால்வரும் இதே கதைதான். "ரிவால்வர் எளிது, ஜாம் ஆகாது, வீட்டம்மாவுக்கு நல்லது" என்று விற்பனையாளர் எடுத்துக் கொடுப்பார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்றவை நம்பகமானவைதான். ஆனால் ஐந்தே தோட்டா, 400 கிராமை ஒட்டிய எடை, நீளமான கனத்த ட்ரிகர். நிறையப் பழகியவர் கையில்தான் அது நேராகச் சுடும். வீட்டம்மாவுக்கு எது சரி என்பதை அவரே ரேஞ்சில் சுட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொரு கோடி, மிக மலிவானது கிடைக்கிறதே என்று வாங்குவது. ஹை-பாயிண்ட் சி9 சுடும், உடையாது. ஆனால் 800 கிராமுக்கு மேல் எடை, மேலே முன்பின் நகரும் தடித்த ஸ்லைடு, எட்டுத் தோட்டா மேகசின். ஒரு வாரம் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டு டிராயரில் போட்டுவிடுவார்கள். தினமும் எடுத்துச் செல்லத்தானே வாங்கினோம்?

பட்ஜெட்டுக்குள் நியாயமான இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 9 மில்லிமீட்டர் தோட்டா சுடுவது, 500 முதல் 650 கிராம், பத்து தோட்டா அல்லது அதற்கு மேல். டாரஸ் ஜி3சி 300 டாலரை ஒட்டியே கிடைக்கிறது. ரூகர் மேக்ஸ்-9, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் கொஞ்சம் மேலே. சிக் சாவர் பி365 இன்னும் மேலே. 2018இல் பி365 வந்த பிறகு இந்த அளவில் எல்லா கம்பெனியும் போட்டி போட்டதால், பழைய ஒற்றை வரிசை மேகசின் மாடல்கள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. ஏழெட்டு தோட்டா போதும் என்றால் பழைய 9 மில்லிமீட்டர் ஷீல்டு ஒன்றும் குறைந்ததல்ல. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகசினுக்குப் பத்து தோட்டாதான் வரம்பு. அங்கே பெரிய மேகசினுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை.

பழைய துப்பாக்கி வாங்குவது தவறல்ல. எதைப் பார்க்காமல் வாங்குகிறோம் என்பதில்தான் தவறு. போலீஸ் துறைகள் கழித்துக் கொடுத்த, .40 அளவுத் தோட்டா சுடும் கிளாக் 22, கிளாக் 23 போன்றவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ தன் ஆட்கள் இருவரை இழந்தது. அதன் பிறகு பெரிய தோட்டா தேடி முதலில் 10 மில்லிமீட்டருக்குப் போனது. 1990இல் .40 வந்ததும் அமெரிக்கப் போலீஸ் பெரும்பாலும் அதற்கு மாறியது. முனையில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களின் தரம் உயர்ந்ததும் எஃப்பிஐ மறுபடி 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. பல துறைகளும் அதன் பின்னால் போயின. .40 துப்பாக்கிகள் கடைகளில் குவிந்தன.

இப்படிக் கழித்தவற்றில் வெளியே ஹோல்ஸ்டர் உரசிய வெள்ளைத் தடம் இருக்கும், உள்ளே அதிகம் சுடாமல் நன்றாகவே இருக்கும். ஆனால் .40 தோட்டா விலை அதிகம், உதையும் சுருக்கென்று இருக்கும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்த நூறு டாலர் சில பயிற்சிகளிலேயே தோட்டாவாகக் கரைந்துவிடும். அதே கடையில் 9 மில்லிமீட்டர் கிளாக் 17 அல்லது 19 இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள். இருட்டில் ஒளிரும் ட்ரிடியம் சைட் (குறிபார்க்கும் முனை) இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால், அது எந்த ஆண்டு போட்டது என்று கேளுங்கள். ட்ரிடியத்தின் ஒளி சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும்.

பழையதோ புதியதோ, வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். 2008இல் ரூகர் தன் முதல் எல்சிபி பிஸ்டல்களைத் திரும்ப அழைத்தது. கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு இருந்ததுதான் காரணம். 2020இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇசட் 9 மில்லிமீட்டரில் ஒரு தொகுப்பை அழைத்தது. சரிசெய்யாமல் கைமாறிய ஒன்று உங்களிடம் வந்துவிடக் கூடாது.

ஹோல்ஸ்டர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 300 டாலர் பிஸ்டலை 12 டாலர் நைலான் பையில் செருகுபவர்கள் ஏராளம். எல்லா துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் அந்தப் பை எதற்கும் பொருந்தாது. பிஸ்டலை உருவியதும் வாய் சப்பென்று மூடிக்கொள்ளும், திரும்பச் செருக ஒரு கையால் விரித்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் குழல் உங்கள் விரலையே பார்க்கும். பழைய தோல் ஹோல்ஸ்டரில் வேறு ஆபத்து. வியர்வையில் தளர்ந்த வாய் உள்பக்கம் மடிந்து ட்ரிகர் வளையத்துக்குள் போகும். நீங்கள் அழுத்திச் செருக, தோல் மடிப்பு ட்ரிகரை இழுத்துவிடும். ஜாக்கெட் நாடாவின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழும் இதையே செய்யும்.

இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் ட்ரிகரைத் தடுக்கும் தனி சேஃப்டி பொத்தான் கிடையாது. ட்ரிகரை முழுவதும் மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர்தான் பாதுகாப்பு. உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் 50 டாலருக்குக் கிடைக்கும். தொய்யாத கெட்டி பெல்ட் 40 டாலர். ஹோல்ஸ்டர் இல்லாமல் பாக்கெட்டிலோ இடுப்பிலோ செருகுவது கூடவே கூடாது. கைப்பையில் வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. பையை உணவக நாற்காலியில் மாட்டுவோம், குழந்தை மிட்டாய் தேடி அதற்குள் கை விடும்.

டெக்சாஸ் விலையில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிஸ்டல் 320, விற்பனை வரி 26, ஹோல்ஸ்டர் 50, பெல்ட் 40, பயிற்சிக்கு 200 தோட்டா 60, ஹாலோ பாயிண்ட் 50 தோட்டா 45, ரேஞ்ச் கட்டணம் 25, அடிப்படை வகுப்பு 100, பூட்டுப் பெட்டி 30. ஏறக்குறைய 700 ஆகிறது. கடைக்குக் கடை கூடக் குறைய இருக்கும். இவ்வளவு இல்லை என்றால் இரண்டு மாதம் பொறுத்து வாங்குங்கள், ஹோல்ஸ்டரையும் வகுப்பையும் வெட்டாதீர்கள். வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கும் செலவும் வீண் இல்லை, பிடிக்காத துப்பாக்கியைப் பாதி விலைக்கு விற்பதைவிட அது லாபம்.

தோட்டாவில் ஒரே ஒரு விஷயம். பயிற்சிக்கு மலிவான உருண்டை முனைத் தோட்டா போதும். இடுப்பில் வைப்பதற்கு அது வேண்டாம், எதிரே இருப்பவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவர் வரை போகக்கூடியது. ஹாலோ பாயிண்ட் விரிந்து வேகம் குறையும். நியூ ஜெர்சியில் மட்டும் இதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, படித்துப் பாருங்கள். நீங்கள் வைக்கப்போகும் அதே தோட்டாவைக் குறைந்தது ஒரு பெட்டியாவது அதே துப்பாக்கியில், எல்லா மேகசினிலும் சுட்டுப் பார்த்துவிடுங்கள். சில பிஸ்டல்கள் சில முனைகளை விழுங்காமல் மல்லுக்கட்டும்.

"எங்கள் மாநிலத்தில் லைசென்ஸே வேண்டாம்" என்று லைசென்ஸ் கட்டணமான நாற்பது டாலரை மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள 21 வயதுக்கு மேற்பட்டவர் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம், உண்மைதான். ஆனால் பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, லைசென்ஸ் இல்லாதவருக்கு இந்த விலக்கு கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட தினமும் போகிறவருக்கு இது சின்ன விஷயமா? வேறு மாநிலத்துக்குக் காரில் போகும்போது உங்கள் லைசென்ஸ் அங்கே செல்லுமா என்பதையும் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். நியூயார்க்கில் டெக்சாஸ் லைசென்ஸ் செல்லாது.

காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போவது கடைசித் தவறு. டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்த துப்பாக்கியை எடுக்கத் திருடனுக்கு ஒரு கண்ணாடியை உடைத்தால் போதும். வேறு வழியே இல்லாதபோது சீட்டின் இரும்புச் சட்டத்தோடு கம்பி வைத்துப் பிணைத்த சின்னப் பூட்டுப் பெட்டியில் வையுங்கள். அதை வாகனம் நிறுத்தும் இடத்தில் யாரும் பார்க்கும்படி செய்யாமல், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செய்யுங்கள். இரவில் துப்பாக்கி காரில் தங்கக் கூடாது.